சிங்கப்பூரில் நகர மையத்தைப் பேருந்தில் கடப்பவர்களுக்கு: மாறி ஏறினாலும் ஒரே கட்டணம், எந்த நிபந்தனைகளில்?

பிடோக்கிலிருந்து கிளமெண்டிக்குப் போகிறவருக்கு 7ஆம் எண் பேருந்து ஒன்றே போதும். பூகிஸ், ஆர்ச்சர்ட் என்று நகர மையத்தைக் குறுக்காகக் கடந்து, ஹாலந்து ரோடு வழியாக மறுபக்கம் சேர்த்துவிடும். ஹவ்காங்கில் 147 ஏறினால் சிராங்கூன் ரோடு, லிட்டில் இந்தியா, சைனாடவுன் எல்லாம் தாண்டி மேற்கே கிளமெண்டி பக்கம் போய்விடலாம். இப்படி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடும் பேருந்துகள் இன்னும் பல இருக்கின்றன. ஆனால் எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் நேர் பேருந்து கிடையாது. பெரும்பாலானவர்கள் மையத்தில் எங்காவது இறங்கி இன்னொன்றில் ஏறித்தான் ஆகவேண்டும்.

அப்படி மாறி ஏறுவதற்குத் தனிக் காசு இல்லை என்பது பலருக்குத் தெரியும். எந்தச் சூழ்நிலையில் அந்தச் சலுகை அறுந்துபோகும் என்பது பலருக்குத் தெரியாது. பேருந்து தாமதமானதாலோ, கைப்பேசியை விட்டுவிட்டு அட்டையை எடுத்ததாலோ, வந்த எண்ணிலேயே திரும்ப ஏறியதாலோ இரண்டு முறை முழுக் கட்டணம் கட்டிவிட்டு, அதைக் கவனிக்காமலே போகிறவர்கள் நிறைய.

கட்டணம் எதற்கு?

2010 ஜூலை 3 முதல் சிங்கப்பூரில் பேருந்து, எம்ஆர்டி (நகர ரயில்) இரண்டுக்கும் தூரத்தை வைத்தே கட்டணம். அதற்கு முன்பு ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஆரம்பக் கட்டணம் புதிதாகச் சேரும். மாறி ஏறுகிறவருக்கு அதில் ஒரு பகுதி மட்டும் கழித்துத் தருவார்கள். அதனால் நேர் பேருந்து இல்லாத பேட்டையில் குடியிருப்பவர், அதே தூரத்துக்கு அதிகம் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது முதல் பேருந்தில் ஏறியது முதல் கடைசி வண்டியில் இறங்கியது வரை மொத்தக் கிலோமீட்டரும் ஒரே பயணமாகக் கூட்டப்படுகிறது.

2024 டிசம்பர் 28 முதல் ஓராண்டு நடப்பில் இருந்த பட்டியலை வைத்து ஒரு கணக்கு. பெரியவர் (சலுகை இல்லாத வயதுவந்தோர்) அட்டைக்கு முதல் 3.2 கிலோமீட்டர் வரை 1.19 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 4.2 வரை 1.29. 5.2 வரை 1.40. 9.2 வரை 1.73. ஒருவர் முதல் பேருந்தில் 4 கிலோமீட்டரும் இரண்டாவதில் 5 கிலோமீட்டரும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பயணமாகக் கூட்டினால் 9 கிலோமீட்டர், 1.73 வெள்ளி. முதல் பேருந்தில் 1.29 போயிருக்கும், இரண்டாவதில் மீதி 44 காசு மட்டும் பிடிப்பார்கள். தொடர்ச்சி அறுந்துவிட்டால் 1.29, அதோடு 1.40, ஆக 2.69 வெள்ளி. 96 காசு கூடுதல். வேலைக்குப் போக வர என்று இரண்டு நேரமும் இப்படி அறுந்தால் மாதக் கடைசியில் நல்ல தொகையாகிவிடும்.

பொதுப் போக்குவரத்து மன்றம் கட்டணத்தை ஆண்டுதோறும் பரிசீலிக்கிறது. தொகைகள் மாறும், கணக்குப் போடும் முறை இதுதான்.

தூரம் என்பது பேருந்து ஓடும் பாதையின் நீளம். இரண்டு இடங்களுக்கு நடுவே வரைபடத்தில் போடும் நேர்கோடு அல்ல. அதனால், நேர் பேருந்து என்றாலே மலிவு என்று எண்ணிவிடக்கூடாது. சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு நேர் பேருந்தைவிட, குறுக்கே போகும் இரண்டு பேருந்துகள் சில காசு குறைவாக வரலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையக் கட்டணக் கணிப்பானில் ஏறும் நிறுத்தம், இறங்கும் நிறுத்தம் இரண்டையும் கொடுத்தால் இது தெரிந்துவிடும்.

தொடர்ச்சி அறாமல் இருக்க

ஒரு பயணத்தில் 5 முறை வரை மாறலாம். அதாவது 6 வண்டிகள். நடைமுறையில் இந்த வரம்பை யாரும் தொடுவதில்லை. சிக்கல் வருவது நேரத்தில்தான்.

ஒரு வண்டியில் இறங்கி அட்டையைத் தட்டியதிலிருந்து அடுத்த வண்டியில் ஏறித் தட்டும் வரை 45 நிமிடம் அவகாசம். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமும் இதற்குள்தான் அடங்கும். நிறுத்தத்துக்கு 40 நிமிடத்தில் வந்துவிட்டீர்கள், ஆனால் பேருந்து 10 நிமிடம் கழித்து வந்தது என்றால் அது புதுப் பயணம். இது தவிர, முதல் வண்டியில் ஏறியதற்கும் கடைசி வண்டியில் ஏறியதற்கும் இடையே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. கடைசி வண்டியில் ஏறும் நேரம்தான் கணக்கு. அதிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

முந்திய பேருந்தும் அடுத்த பேருந்தும் ஒரே எண்ணாக இருக்கக்கூடாது. 147இல் வந்து இறங்கி, அடுத்த 147இல் ஏறினால் இரண்டாவது புதுப் பயணமாகிவிடும். எந்தத் திசையில் போகிறது என்பதல்ல, எண் மட்டுமே பார்க்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நன்மையும் உண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் இறங்கி அரை மணி நேரத்தில் காய்கறி, மீன் வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகும் வேறு எண் பேருந்தில் ஏறினால், போனதும் வந்ததும் ஒரே பயணமாகவே சேரும். விதி அனுமதிப்பதால் தயங்க வேண்டியதில்லை.

எம்ஆர்டியும் இதே கணக்கில் சேர்கிறது. பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று போகலாம். ஆனால் ஒரு நிலையத்தில் வெளியேறி அதே நிலையத்தில் மீண்டும் நுழைந்தால் தொடர்ச்சி போய்விடும். ஒரு ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து பக்கத்திலுள்ள வேறு நிலையத்துக்கு நடந்து மாறுகிறவர்களுக்கு முன்பு மறுபடி ஆரம்பக் கட்டணம் விழுந்தது. 2018 டிசம்பர் 29 முதல் அது நீங்கியது.

கடைசியாக, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அட்டை. இங்கேதான் அதிகம் தவறுகிறது. ஒரே வங்கி அட்டைதான், ஆனால் முதல் பேருந்தில் கைப்பேசியைக் காட்டினீர்கள், இரண்டாவதில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினீர்கள் என்றால் இயந்திரத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். கைப்பேசியில் மின்கலம் தீரும் நிலையில் இருந்தால், முதல் பேருந்திலிருந்தே அட்டையைப் பயன்படுத்துவது நல்லது. பணப்பையை அப்படியே கருவியில் வைக்கிற பழக்கமும் ஆபத்து. உள்ளே இரண்டு அட்டைகள் இருந்தால் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

ரொக்கமாகக் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை எதுவுமே இல்லை. ஒவ்வொரு பேருந்திலும் முழுக் கட்டணம், அதுவும் அட்டைக் கட்டணத்தைவிட அதிகம். சில்லறையும் திருப்பித் தரமாட்டார்கள்.

இறங்கும்போது தட்டுவது

பேருந்தில் ஏறும்போது தட்டுகிறவர்கள் இறங்கும்போது மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்தால், அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கணக்கு. நகர மையத்தைக் கடக்கும் நீளமான பாதைகளில் இதன் அடி பலமானது. கிளமெண்டியில் 7 ஏறி ஆர்ச்சர்டில் தட்டாமல் இறங்குகிறவர், பிடோக் வரைக்கும் கட்டணம் கட்டுவார். மாலையில் கூட்டம் நெருக்கும்போது பின்கதவில் இரண்டு பக்கமும் கருவி இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை விளக்கும் ஓசையும் வந்தபிறகு இறங்குங்கள்.

நிறுத்தம் வருவதற்கு முன்பே தட்டிவிட்டு நிற்பதும் கூடாது. அது முந்தைய நிறுத்தத்தோடு பயணம் முடிந்ததாகப் பதிவாகலாம். பரிசோதகர் வந்தால் குறைவாகக் கட்டணம் கட்டியதற்கு அபராதம் உண்டு.

மையத்துக்குள் எங்கே மாறுவது?

பேப்பரில் எளிதாகத் தெரியும் மாற்றம் தரையில் சிக்கலாவது இங்கேதான். மையத்தில் பல சாலைகள் ஒருவழிப் பாதை. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டில் பேருந்துகள் நகரத்தை நோக்கி மட்டும் போகும். திரும்பிவரும் பேருந்துக்கு ஜாலான் புசார் போகவேண்டும். ஆர்ச்சர்ட் ரோடும் அப்படியே ஒரு திசைதான். சைனாடவுனில் நியூ பிரிட்ஜ் ரோடு ஒரு திசைக்கு, இயூ டோங் சென் ஸ்ட்ரீட் எதிர்த் திசைக்கு. "போனபோது இறங்கிய நிறுத்தத்துக்கு எதிரே போய் நின்றேன், பேருந்தே வரவில்லை" என்பது புதிதாக வந்தவர்கள் சொல்லும் முதல் புகார். போகும்போது ஒரு சாலை, வரும்போது ஒரு சாலை என்பதால் இரண்டு பயணங்களின் தூரமும் சற்று வேறுபடும். 9.1 கிலோமீட்டர் போகும்போது, 9.3 திரும்பும்போது என்றால் கட்டணப் படி மாறி, மேலே சொன்ன பட்டியலில் 1.73 வெள்ளி 1.77 ஆகிவிடும். அது தவறான கணக்கு அல்ல.

எல்லா எண்களும் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். நிறுத்தத்தின் பெயரைவிட அதன் ஐந்து இலக்க எண்ணைக் குறித்துக்கொள்வது பாதுகாப்பு. மைடிரான்ஸ்போர்ட் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தெந்தப் பேருந்து, எத்தனை நிமிடத்தில் என்று வரும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதே கட்டடத்தின் பெயரில் முன், பின், எதிரே என்று நாலைந்து நிறுத்தங்கள் வந்து குழப்பும்.

மாறுவதற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு பேருந்துகளும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும் இடமாகப் பாருங்கள். இரண்டும் கொஞ்ச தூரம் ஒரே சாலையில் ஓடும் பகுதி எங்காவது இருக்கும். சாலையைக் கடக்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். இதற்காக ஒரு நிறுத்தம் முன்னதாகவோ பின்னதாகவோ இறங்கினாலும் கட்டணம் பெரிதாக மாறாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை ஊர்வலம் போகும் நேரத்தில் பேருந்துகள் திருப்பிவிடப்படும். அன்று லிட்டில் இந்தியாவில் மாறும் திட்டமே வேண்டாம்.

யாருக்கு என்ன சலுகை?

60 வயது நிறைந்த குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோருக்கும், மாணவர்களுக்கும் 7.2 கிலோமீட்டருக்கு மேல் கட்டணம் ஏறுவதில்லை. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற மூத்தவருக்கு இது பெரிய உதவி. ஆனால் சலுகை அட்டையைத் தட்டினால்தான் இது கிடைக்கும். வங்கி அட்டை, கைப்பேசி இவற்றில் பெரியவர் கட்டணமே பிடிக்கப்படும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிள்ளை சலுகை அட்டை இருந்தால் இலவசம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் தங்கள் ஊர் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், அது மாஸ்டர்கார்டாகவோ விசாவாகவோ இருந்து, வெளிநாட்டுத் தொடா-பரிவர்த்தனைக்கு அனுமதி இருந்தால். வெளிநாட்டு அட்டைக்குப் பயணம் செய்யும் நாளுக்கு 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். கணவன், மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தட்ட முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

வங்கி அட்டையைத் தட்டும்போது பேருந்துக் கருவியில் எவ்வளவு பிடித்தது என்று தெரியாது. இருப்பு, கட்டணம் இரண்டையும் அப்போதே பார்க்கவேண்டும் என்பவர்களுக்குப் முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பழைய முறை ஈசி-லிங்க் அட்டையே ஏற்றது. 2024இல் அந்த முறையை நிறுத்துவதாக அறிவித்தபோது மக்கள் எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஜனவரி 22 அன்று, 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவழித்து அதைத் தொடர்வதாக அரசாங்கம் சொன்னது. தொடர்ச்சி அறுந்ததா என்பதை அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க உதவுவதால், மூத்தவர்களுக்கு அதையே பரிந்துரைக்கலாம்.

நேர் பேருந்தை நிறுத்தினால்?

மாறி ஏறினாலும் கட்டணம் ஏறாது என்ற விதிதான், ரயில் பாதைக்கு இணையாக ஓடும் நீளமான பேருந்துகளைக் குறைப்பதற்கும் அடிப்படையாக இருக்கிறது. செம்பவாங்கிலிருந்து நகர மையம் வழியாக புக்கிட் மேரா போகும் 167, தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்தபின் பயணிகளை இழந்தது. 2023 டிசம்பர் 10 முதல் அது ஓடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. பயணிகள் குரல் கொடுத்தபின் 30 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓட வைத்தார்கள்.

கட்டணம் ஒன்றே என்றாலும் பயணம் ஒன்றல்ல. ஊட்ராமில் உள்ள மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போகும் எழுபது வயதுக்காரருக்கு, மின்படியில் இறங்கி ஏறி இரண்டு முறை மாறுவதைவிட, ஓர் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவது எவ்வளவோ மேல். அரை மணிக்கு ஒன்று வந்தாலும் நேரம் பார்த்துப் புறப்பட்டால் அந்தப் பேருந்து பயன்படும். நேர் பேருந்துகளை வெறும் பயணி எண்ணிக்கையால் எடைபோடக்கூடாது.

2016இல் தொடங்கிய குத்தகை முறையில் பாதைகளைத் தீர்மானிப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். பேருந்து நிறுவனம் அதை ஓட்டுகிறது, அவ்வளவே. ஆகவே பாதை மாற்றம், நிறுத்தம் பற்றிய கோரிக்கை ஆணையத்துக்குப் போகவேண்டும். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு, எத்தனை மணிக்கு, மாற்று வழியில் எத்தனை முறை மாறவேண்டியிருக்கிறது என்று எழுதினால் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகிறது. தவறாகப் பிடித்த கட்டணத்துக்கு, பயணக் கட்டணக் கணக்கைக் காட்டும் சிம்பிளிகோ செயலியில் பயண வரலாற்றைத் திறந்து, ஏறிய நேரம், இறங்கிய நேரம், நிறுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அதே செயலியிலோ எம்ஆர்டி நிலையங்களிலுள்ள சிம்பிளிகோ முகப்பிலோ திருப்பிக் கேட்கலாம். கேட்கப் போகும்போது அந்தப் பயணத்தில் தட்டிய அதே அட்டை கையில் இருக்கட்டும்.