ஜெட் படகின் ஸ்டீயரிங் ஏன் இறுகிப்போகிறது?

ஜெட் படகின் ஸ்டீயரிங் கனமாகிவிட்டால் பலரும் முதலில் தேடுவது கிரீஸ் டப்பாவைத்தான். சக்கரத்தின் அசைவைப் படகின் பின்பக்கம் கொண்டுபோகும் கேபிளின் முனையில் வெளியே தெரிகிற பளபளப்பான தண்டில் கொஞ்சம் தடவி, சக்கரத்தை நாலு தடவை இடமும் வலமுமாகச் சுற்றினால் லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் பழையபடி இறுகிவிடும். இறுக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், கிரீஸ் ஏன் அங்கே போய்ச் சேருவதில்லை என்பதும் புரிந்துவிடும்.

முதலில் படகு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிடலாம். நியூசிலாந்தின் தென் தீவில், மெக்கன்சி பகுதியில் செம்மறியாட்டுப் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன் 1950களின் தொடக்கத்தில் இந்த வகைப் படகை உருவாக்கினார். அந்தப் பக்கத்து ஆறுகள் அகலமான கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை. பல இடங்களில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், புரொப்பெல்லர் வைத்த படகு கல்லில் அடிபட்டு நின்றுவிடும். அவர் செய்த படகு அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கமாக ஒரு நாசில் வழியே பீய்ச்சியடித்து முன்னே போனது. முதலில் நாசில் நீருக்கு அடியில் இருந்தது. அதை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வைத்த பிறகுதான் வேகம் பிடித்தது. 1960இல் இந்தப் படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குள் கொலராடோ ஆற்றை எதிர்த்து மேலேறின.

இந்தப் படகில் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரின் திசையை மாற்றித்தான் திருப்ப வேண்டும். நாசிலை 20 டிகிரி சாய்த்தால் உந்துவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் வேலை செய்யும், படகின் பின்பகுதி தள்ளப்பட்டு மூக்கு திரும்பும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சல் இல்லை, பீய்ச்சல் இல்லையென்றால் திருப்பமும் அநேகமாக இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் படகு ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடும். நீங்கள் சக்கரத்தைத் திருப்பி அரை நொடி தாமதமாக நாசில் அசைந்தால் அதற்குள் 10 மீட்டர் போய்விட்டீர்கள், குறுகலான ஆற்றில் அந்த 10 மீட்டரில் கரையில் போய் மோதிவிடலாம். இறுகிய கேபிளைச் சில்லறைத் தொந்தரவாக நினைக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கையில் தெரியும் இந்தக் கனம் தண்ணீரின் வேகத்தால் வருகிறதா? பெரும்பாலும் இல்லை. படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டாரைத் திருப்பும்போது மோட்டாரையே திருப்ப வேண்டியிருக்கிறது, அதோடு புரொப்பெல்லரின் சுழற்சி ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஜெட் நாசிலோ சிறியது, தன் அச்சுக்கு மிக அருகிலேயே தண்ணீரைத் திருப்பிவிடுகிறது, ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்கு வேண்டிய விசை கொஞ்சம்தான். இன்னும் எளிய சாட்சி ஒன்று உண்டு: படகு டிரெய்லரில் நிற்கும்போது, எஞ்சினே ஓடாதபோதும் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதா? அப்படியானால் தண்ணீருக்கு இதில் சம்பந்தமே இல்லை, உள்ளே எங்கோ உராய்வு.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது? நடுவில் துருப்பிடிக்காத எஃகில் செய்த உள்கம்பி. அதைச் சுற்றி வழவழப்பான பிளாஸ்டிக் குழாய், அதற்கு மேல் நீளவாக்கில் சுற்றிய எஃகுக் கம்பிகள், கடைசியாக வெளியே கறுப்பு உறை. சைக்கிள் பிரேக் கம்பியும் உறைக்குள் ஓடும் கம்பிதான், ஆனால் அது இழுக்க மட்டுமே செய்யும், திரும்பி வர ஸ்பிரிங் வேண்டும். ஸ்டீயரிங் கேபிள் இழுக்கவும் வேண்டும் தள்ளவும் வேண்டும். நீளமான மெல்லிய கம்பியை ஒரு முனையில் தள்ளினால் நடுவில் வளைந்து ஒதுங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறை அதை நாலாபுறமும் நெருக்கிப் பிடித்திருப்பதால் ஒதுங்க இடமில்லாமல் விசையை மறுமுனைக்குக் கடத்துகிறது. அந்த நெருக்கத்தில்தான் கேபிளின் திறமையும் இருக்கிறது, வியாதியும் இருக்கிறது.

இங்கே ஒரு அழகான கணக்கு வருகிறது, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். வளைந்த பரப்பின் மேல் ஓடும் கயிற்றில் உராய்வு எப்படிப் பெருகும் என்பதைக் கணிதமேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். உராய்வு வளைவுக்கு வளைவு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. ஒவ்வொரு வளைவும், முந்தைய வளைவு ஏற்கெனவே கனமாக்கிவிட்ட விசையின் மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கி, படகின் பக்கவாட்டில் ஓடி, பின்னால் திரும்பும் கேபிளின் வளைவுகளை எல்லாம் கூட்டினால் 360 டிகிரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம், அதாவது பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்பதன் அளவு, 0.1 என்றால், நாசிலில் 10 கிலோ விசை கிடைக்க இந்த முனையில் ஏறக்குறைய 19 கிலோ கொடுக்க வேண்டும். துருவும் அழுக்கும் சேர்ந்து குணகம் 0.3 ஆகிவிட்டால்? 66 கிலோ. உராய்வு மூன்று மடங்கு ஆனதற்கு கையில் வரும் சுமை மூன்றரை மடங்கு, வளைவுகள் இன்னும் அதிகமிருந்தால் விகிதம் இதைவிட மோசம். முதலில் மெதுவாகக் கனத்து வந்த ஸ்டீயரிங் திடீரென்று ஒரே சீசனில் படுத்துவிடுவது ஏன் என்பதற்கு இந்தப் பெருக்கல் ஒரு முக்கியக் காரணம்.

கனம் மட்டும் பிரச்சினை என்றால் புஜபலத்தை வைத்து ஓட்டிவிடலாம். அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. நின்றிருக்கும் பொருளை நகர்த்த ஆரம்பிக்க வேண்டிய விசை, நகர்ந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய விசையை விட அதிகம். இறுகிய கேபிளில் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்: முதலில் ஒன்றும் நடக்காது, கேபிள் உள்ளே அமுங்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் சட்டென்று விட்டுக்கொடுத்து நாசில் வேண்டியதற்கு மேல் துள்ளித் திரும்பும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் திருப்பினால் அங்கேயும் அதே துள்ளல். நேராக ஓட வேண்டிய படகு வளைந்து வளைந்து ஓடுகிறது என்றால் ஓட்டுநரைக் குறை சொல்வதற்கு முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு எப்படித் துருப்பிடிக்கிறது என்று கேட்கலாம். அந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், கீறல் விழுந்தால் படலம் தானே மறுபடி வளரும். வளர ஆக்ஸிஜன் வேண்டும். தண்டுக்கும் அதன் குழாய்க்கும் இடையில் மயிரிழை இடைவெளியில் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது, படலம் அழிகிறது, அரிப்பு தொடங்குகிறது. கழற்றிய பழைய கேபிளின் தண்டைக் கவனித்தால் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி மின்னும், குழாய்க்குள் மறைந்திருந்த இடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் குழிகுழியாக இருக்கும். நன்னீர் ஆறுகளில் உப்பு இல்லாவிட்டாலும் வேறு எதிரி உண்டு: ரக்காயா போன்ற நியூசிலாந்து ஆறுகளில் பனியாறுகள் பாறையை உரசி உண்டாக்கிய மிக நுண்ணிய வண்டல் மிதந்து வருகிறது, அது சீல்களைத் தாண்டி நுழைந்து பிளாஸ்டிக் குழாயை அரைத்துவிடும். குளிர்நாடுகளில் உள்ளே புகுந்த நீர் உறைந்து கேபிளை அப்படியே பிடித்துக்கொள்வதும் உண்டு.

இப்போது கிரீஸுக்கு வருவோம். முனையில் தடவினால் அது தண்டுக்கு நல்லதுதான், தவறாமல் செய்யலாம், தண்ணீரில் கரையாத மெரின் கிரீஸாக இருக்க வேண்டும். ஆனால் பல மீட்டர் நீளத்துக்கு இறுக்கமான குழாய்க்குள் கிரீஸ் தானாக நடந்து போகாது. அழுத்தி ஏற்றினாலும் ஏற்கெனவே விழுந்த குழிகளை அது நிரப்பப் போவதில்லை, வண்டலோடு கலந்து அரைக்கும் பசையாகத்தான் மாறும். கேபிள்கள் தயாரிக்கும்போதே உள்ளே மசகு போட்டு மூடப்படுபவை. இறுகியதைப் பழுது பார்க்கக் கூடாது, மாற்ற வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர்கள் சொல்வதும்.

மாற்றுவதற்கு முன் கேபிள்தான் காரணமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்முனையை நாசிலிலிருந்து கழற்றிவிட்டு நாசிலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இறுக்கம் என்றால் அச்சைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது வண்டல் அடைத்திருக்கலாம், கேபிளுக்குச் செலவு செய்து பயனில்லை. நாசில் லேசாக இருந்து சக்கரம் இன்னும் கனத்தால், முன்பக்கமும் கழற்றிச் சக்கரத்தைத் தனியாகச் சுற்றுங்கள். அது சுலபமாகச் சுற்றினால் சந்தேகமே இல்லை.

புதிய கேபிளின் நீளத்தைப் பழைய கேபிளின் உறையில் அச்சிட்ட எண்ணிலிருந்து எடுப்பதே நல்லது, நாடாவைப் பிடித்து அளந்தால் வளைவுகளில் ஏமாற்றிவிடும். பழையதை உருவும்போது அதன் முனையில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள், அந்தக் கயிறே புதியதை உள்ளே இழுத்துக்கொடுக்கும். வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஒவ்வொன்றின் ஆரமும் பொதுவாக 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, எக்ஸாஸ்ட் பக்கம் போகவே கூடாது, சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். டை போட்டு நெரித்துக் கட்டுவதும் உறையை நசுக்கும்.

சக்கரத்தை நடுவில் நிறுத்தி, நாசிலையும் நேராக நிறுத்தி, கேபிள் முனையின் இணைப்பைத் திருகித் திருகிப் பொருத்த வேண்டும். பிறகு இரு பக்கமும் கடைசிவரை திருப்பி நாசில் சமமாகப் போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கழற்றிய நைலான் பூட்டு நட்டையும் கோட்டர் பின்னையும் திரும்பப் போடாதீர்கள், புதிதாகப் போடுங்கள். சில படகுகளில் இணைப்பு உடலுக்கு உள்ளேயே முடிந்துவிடும், சிலவற்றில் கேபிள் பின்சுவரைத் துளைத்து வெளியே வரும். வெளியே வருகிறதென்றால் அந்தத் துளையின் சீலையும் ரப்பர் உறையையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பழைய கேபிளுக்குள் தண்ணீர் நுழைந்தது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். படகை நீரில் இறக்கியதும் டிரெய்லரிலிருந்து விடுவிப்பதற்கு முன்னாலேயே உள்ளே எட்டிப் பார்த்து அந்த இடம் கசிகிறதா என்று தடவிப் பாருங்கள், முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.