தள்ளிப்போடும்போது மூளை போடும் கணக்கு

செய்யவேண்டிய வேலை என்னவென்று தெரியும். செய்யாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம் என்பதும் தெரியும். கையில் நேரமும் இருக்கிறது. இருந்தும் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவது சுலபம். ஆனால் சோம்பேறி சும்மா இருப்பான். தள்ளிப்போடுகிறவர் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை. அலமாரியை அடுக்குவார், பழைய மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவார், அந்த ஒரு வேலையை மட்டும் தொடமாட்டார்.

எல்லாத் தாமதத்தையும் உளவியலாளர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவசரமாக வேறொன்று வந்ததால் ஒரு வேலையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தால் அது யோசித்து எடுத்த முடிவு. தாமதித்தால் நிலைமை மோசமாகும் என்று தெரிந்தும், யாரும் வற்புறுத்தாமல், நாமே தள்ளிவைத்தால்தான் அது தள்ளிப்போடுதல்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல், இதுபற்றி வெளிவந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் ஒரு பெரிய மதிப்பாய்வை வெளியிட்டார். எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பவர்கள்தான் தள்ளிப்போடுவார்கள் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம் அல்லவா? அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமாகவே இருந்தது. வலுவாக நின்ற தொடர்புகளில் ஒன்று உந்துதலுக்கு ஆட்படும் குணம், அதாவது கண்முன் இருப்பதன் இழுப்பை மீற முடியாமல் போவது. 2014-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இரட்டையர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வும் இதையே சுட்டியது. தள்ளிப்போடும் பழக்கத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபணுக்களோடு தொடர்புபடுத்த முடிந்தது. அந்த மரபுச் செல்வாக்கும் உந்துதல் குணத்துக்கான மரபுச் செல்வாக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

தொலைவில் இருக்கும் எதன் மதிப்பையும் மூளை குறைத்தே எடைபோடுகிறது. ஒரு வருடம் கழித்துக் கிடைக்கும் பணத்தைவிட இன்று கிடைக்கும் சற்றுக் குறைவான பணம் மேலாகத் தெரிகிறது. இந்தத் தள்ளுபடி சீராகவும் இல்லை. முதல் சில நாட்களிலேயே மதிப்பு சரசரவென்று இறங்கும், அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்கும். 1970களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் எய்ன்ஸ்லி புறாக்களிடம் செய்த சோதனைகள் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டன. அதிலிருந்து பார்த்தால் விளக்கம் எளிதாகத் தோன்றும்: வேலையின் பலன் தொலைவில் இருப்பதால் அது சிறிதாகத் தெரிகிறது, ஆகவே செய்வதில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பலனைப் போலவே உழைப்பும் தள்ளுபடி ஆகிறது. இன்று செய்தால் மலைப்பாக இருக்கும் வேலை, நாளை என்றால் லேசாகத் தெரிகிறது. பாரிஸில் ரஃபேல் லெ பூக், மத்தியாஸ் பெசிலியோன் இருவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. பங்கேற்றவர்களை மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இப்போதா பிறகா என்று பலன்களிலும் உழைப்புகளிலும் தேர்வு செய்யச் சொன்னார்கள். பிறகு நிரப்பி அனுப்பவேண்டிய படிவங்களைக் கொடுத்து 30 நாள் அவகாசம் தந்தார்கள். யார் தாமதிப்பார்கள் என்பதை, பலனை எவ்வளவு தள்ளுபடி செய்கிறார்கள் என்பதைவிட, காலம் தள்ளத் தள்ள உழைப்பின் சுமையை எவ்வளவு வேகமாகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதே காட்டிக்கொடுத்தது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய மேல்பகுதியில் அந்தக் கணக்கின் தடயம் தெரிந்தது.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலையின் பலன் 60, உழைப்பு 100 என்று வையுங்கள். இன்றே செய்தால் 40 நஷ்டமாகத் தெரியும். ஒரு நாள் தள்ளினால் பலன் 58 ஆகக் குறைகிறது, ஆனால் உழைப்பு 50 ஆகச் சுருங்கிவிடுகிறது. இப்போது 8 லாபம்! எனவே ‘நாளை செய்கிறேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் நாளை செய்வது அவருக்கு உண்மையாகவே நல்ல முடிவாகத் தெரிகிறது. விடிந்ததும் நாளை இன்றாகிவிடும், உழைப்பு மறுபடி 100 ஆகிவிடும், பக்கத்தில் புதிதாக ஒரு நாளை வந்து நிற்கும். ஒரு மாதம் தள்ளிப்போடலாம் என்று யாரும் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நாளாக எடுத்த சின்ன முடிவுகள் சேர்ந்துதான் மாதம் ஆகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுவது இதுதான். கெடு நெருங்கியதும் பலர் திடீரென்று வேலையில் இறங்குவதற்கும் இதுவே காரணம்: தள்ளுவதற்கு நாளை என்று ஒன்று மிச்சமில்லை.

‘நெருக்கடி இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும்’ என்பார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். முடிவில் அவர்களுக்கு மன அழுத்தமும் உடல்நலக் குறைகளும் கூடின, மதிப்பெண்ணும் குறைந்தது.

அந்தத் தொடக்க நிம்மதி கவனிக்கவேண்டிய ஒன்று. 100 என்று நாம் வைத்த சுமையில் உடலுழைப்பு கொஞ்சம்தான். சலிப்பு, பயம், ‘நமக்கு வராதோ’ என்ற சந்தேகம் எல்லாம் அதில் அடக்கம். வேலையைத் தள்ளியதும் இவை சட்டென்று விலகுகின்றன. டைஸ் குழுவினர் 2001-இல் இதை அழகான ஒரு சோதனையால் காட்டினார்கள். சிலரை முதலில் வருத்தமான மனநிலைக்குக் கொண்டுபோய், பிறகு ஒரு கணிதத் தேர்வுக்குப் பயிற்சி செய்ய நேரம் தந்தார்கள். அருகிலேயே சுவாரசியமான விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. வருத்தத்தில் இருந்தவர்கள் பயிற்சியை விட்டு அவற்றின் பக்கம் போனார்கள். ஆனால் வாசனை மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, ‘இது எரிந்தால் உங்கள் மனநிலை கொஞ்ச நேரத்துக்கு மாறாது’ என்று நம்பவைக்கப்பட்டவர்கள் அப்படித் தள்ளிப்போடவில்லை. மனநிலை எப்படியும் மாறாது என்றால் வேலையைத் தள்ளி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கணக்கை மாற்ற முடியுமா? உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் விடுமுறைக் காலத்தில் மாணவர்களை ஒரு அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நேரமும் இடமும் குறித்தாகிவிட்டால் ‘இன்றா, நாளையா’ என்ற தினசரிக் கணக்கைப் போடும் வாய்ப்பே குறைகிறது.

தன்னைத்தானே திட்டிக்கொள்வது உதவுவதாகத் தெரியவில்லை. 2010-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்வும் அந்த வேலையோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சுமைதான். அது தணிந்தவர்களுக்குப் புத்தகத்தைத் திறப்பது அந்த அளவுக்குக் கசக்கவில்லை.