பாடகர் வாயத் தொறந்தா வயலின் ஏன் ஒதுங்குது?

பாட்டுல வரி புரியலன்னா எல்லாரும் முதல்ல மிக்ஸிங் பண்ணவரத்தான் திட்டுவாங்க, அப்புறம் பாடினவரோட உச்சரிப்ப. பாதி நேரம் ரெண்டு பேருமே பாவம். யார் எந்த ஸ்தாயில என்ன வாசிக்கணும்னு எழுதுறப்பவே, அதாவது அரேஞ்ச்மென்ட்லயே, சொதப்பல் நடந்து முடிஞ்சிருக்கும். நானும் அதே வேலை பாக்கறவன்தான். ரசனை ரசனைன்னு நாங்க பீத்திக்கிறதுல கணிசமான பங்கு உண்மையில காதோட பௌதிகம்.

உள்காதுல காக்ளியான்னு ஒரு சுருண்ட குழாய் இருக்கு. அதுக்குள்ள ஒரு சவ்வு, நீட்டி வச்சா சுமார் 35 மில்லிமீட்டர் வரும். வாசல் பக்கம் ஹை ஃப்ரீக்வென்சிக்கு, அதாவது கீச்சு சத்தத்துக்கு அதிரும், கடைசி முனை லோ ஃப்ரீக்வென்சிக்கு, அதாவது கனத்த சத்தத்துக்கு அதிரும், நடுவுல மத்ததெல்லாம். ரெண்டு சத்தம் இந்தச் சவ்வுல பக்கத்துப் பக்கத்து எடத்த ஆட்டினா காதால அத சரியா பிரிக்க முடியாது, பெருசு சின்னத முழுங்கிடும். இதுதான் மாஸ்கிங். எவ்ளோ பக்கத்துல இருந்தா சிக்கல்ங்கற அளவுக்கு கிரிட்டிகல் பேண்ட்னு பேரு, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்த ஹார்வி ஃப்ளெட்சர் கொண்டுவந்த கருத்து அது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ (ஹெர்ட்ஸ்னா நொடிக்கு எத்தன அதிர்வுங்கற கணக்கு) அந்த அகலம் கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸ், மேல போகப் போக அந்தந்த ஃப்ரீக்வென்சில அஞ்சுல ஒரு பங்குன்னு தோராயமா வச்சுக்கலாம்.

கீபோர்டு புதுசா வாசிக்கிறவங்க இடது கையால கீழ முழு கார்டையும், அதாவது ஸ, க, ப மூணையும் ஒண்ணா அமுக்குவாங்க, கேட்டா கொழகொழன்னு இருக்கும். ஏன்னு பாருங்க. கீழ் ஸ்தாயில ஸ 65 ஹெர்ட்ஸ்னா சங்கராபரணத்துல வர்ற க 82 ஹெர்ட்ஸ், வித்தியாசம் வெறும் 17. ரெண்டும் ஒரே பேண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நொடிக்கு 17 தடவ ஏறி இறங்கும், அதத்தான் நாம உறுமலா கேக்கறோம். ப்ளாம்ப், லெவெல்ட்னு ரெண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் 1965ல இத அளந்தே காட்டிட்டாங்க: இடைவெளி பேண்டு அகலத்துல கால் பங்கு இருக்குறப்பதான் கரகரப்பு உச்சம். இதே ரெண்டு சுரத்த ரெண்டு ஸ்தாயி மேல கொண்டு போனா 262, 330, வித்தியாசம் 68, இனிக்க ஆரம்பிச்சிடும். அதனால கீழ ஸவும் பவும் மட்டும், இல்லன்னா ரெண்டு ஸ மட்டும் வச்சிட்டு காந்தாரத்த மேல தூக்கிடுவோம். பௌதிகம் தெரியாத பழைய ஆளுங்களும் இதையேதான் செஞ்சாங்க, காது சொல்லிக் குடுத்திருக்கு.

இன்னொரு வில்லங்கம் இருக்கு. கீழ இருக்கற சத்தம் மேல இருக்கறத மறைக்கிற அளவுக்கு மேல இருக்கறது கீழ இருக்கறத மறைக்காது. லோ ஃப்ரீக்வென்சி அலை கடைசி முனைக்குப் போகணும்னா ஹை ஃப்ரீக்வென்சி எடத்த தாண்டித்தான் போகணும், கல்யாண மண்டபத்துல வாசல்ல உக்காந்தவங்க கால மிதிக்காம யாராவது உள்ள போக முடியுமா, அந்த மாதிரி. பேஸையும் கிக் டிரம்மையும் ஏத்திக்கிட்டே போனா பாடகர் குரல்ல இருக்கற பளபளப்பு காணாம போறது இதனாலதான், அப்ப குரல ஏத்துங்கன்னு ஒருத்தர் சொல்ல, உடனே பேஸ் பத்தலன்னு இன்னொருத்தர் சொல்ல, ராத்திரி ரெண்டு மணி ஆயிடும்.

ஆபரா பாடகர்கள் மைக் இல்லாம முழு ஆர்கெஸ்ட்ராவ தாண்டிக் கேக்குறாங்களே, எப்படி? ஸ்வீடன்காரர் யோஹான் சுண்ட்பெரி கண்டுபிடிச்சது: ஆர்கெஸ்ட்ராவோட பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிஞ்சிருக்கு, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆள் கம்மி, பயிற்சி எடுத்த பாடகர்கள், முக்கியமா ஆண்கள், தொண்டைய ஒரு மாதிரி அமைச்சு சரியா அந்த எடத்துல சக்திய குவிக்கிறாங்க. நம்ம சினிமாப் பாடகருக்கு மைக் இருக்கு, காதுகிட்ட வந்து பேசற மாதிரி பாடலாம், அந்த வித்தை தேவையில்ல. ஆனா அவருக்கான எடத்த வேற யாராவது காலி பண்ணிக் குடுத்தாகணும். ச, ட மாதிரி எழுத்துகள தெளிவாக்குறதெல்லாம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல தான் இருக்கு, ஷேக்கர், டிரம்ஸ்ல இருக்கற ஹை-ஹேட் தட்டு, டிஸ்டார்ஷன் (வேணும்னே கரகரப்பு ஏத்தின) கிட்டார் எல்லாம் அங்கயேதான் கும்மியடிக்கும்.

அதனாலதான் பல்லவி ஆரம்பிச்சதும் ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கூட்டம், நீளமான சுரமா மாறி குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலயோ கீழயோ போயிடும், பாடகர் மூச்சு எடுக்கற கேப்புல மட்டும் புல்லாங்குழல் ஒரு சின்ன ஃபில்லர் குடுக்கும். அந்த ஃபில்லரையும் அடுத்த வார்த்தைக்குக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சிடணும், ஏன்னா பலமான சத்தம் நின்னப்புறமும் சுமார் 100, 200 மில்லிசெகண்டுக்கு காது மந்தமா இருக்கும், முதல் எழுத்து அதுல போயிடும். இளையராஜா பாட்டுகள்ல பேஸ் கிட்டார் தனி மெட்டாவே கீழ ஓடும், மேல குரல் சுத்தமா நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ மெலிசா வச்சிருக்கார்னு ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, என்னப் பொறுத்தவரை பாடமே அங்கதான் இருக்கு.

சரி, அந்த பேஸ் போன் ஸ்பீக்கர்ல எப்படிக் கேக்குது? பேஸ் கிட்டாரோட கடைசி தந்தி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரால அத அசைக்கவே முடியாது. ஆனா தந்தி 41 மட்டும் குடுக்கறதில்ல, 82, 124, 165, 206, 247, 288ன்னு அதோட மடங்குகளையும் சேத்தே குடுக்குது. போன்ல மேல இருக்கறது மட்டும்தான் தப்பிச்சு வருது, ஆனா ஒவ்வொன்னுக்கும் நடுவுல இடைவெளி 41, மூளை அத வச்சு இல்லாத 41ஐ தானே போட்டுக்குது. பழைய லேண்ட்லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ அனுப்பாது, ஆனாலும் 120 ஹெர்ட்ஸ்ல பேசற அப்பா குரல் அப்பா குரலாத்தான கேட்டுச்சு?

இந்தக் காலத்து சைன் வேவ் சப் பேஸ்ல, அதாவது ஒரே ஒரு ஃப்ரீக்வென்சி மட்டும் இருக்கற அடி மட்டத்து பேஸ்ல, மடங்குகளே கிடையாது, போன்ல போட்டா சுத்தமா காணாம போயிடும். அதனால அதுல லேசா டிஸ்டார்ஷன் ஏத்தி மடங்குகள வரவழைப்போம், இல்லன்னா அதே வரிய ஒரு ஸ்தாயி மேல கீபோர்டுல டபுள் பண்ணிடுவோம். டைரக்டர் கார்ல போறப்ப போன்ல கேட்டுத்தான ஓகே பண்றார், தியேட்டர் சப்வூஃபர் எல்லாம் அப்புறம்.