கல்லின் நடுவில் ஓட்டை தெரிகிறதா?

“கல்லின் நடுவில் ஓட்டை இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண்மணி மோதிரத்தை என் மேசைமேல் வைத்தார். ஏலத்தில் எடுத்த பழைய மோதிரம். விரலின் பாதியை மறைக்கும் அளவுக்குப் பெரிய முகப்பு, நடுவில் ஒற்றை வைரம், சுற்றிலும் பொடிக்கற்கள். மேலிருந்து பார்த்தபோது நடுக்கல்லின் மையத்தில் கறுப்பாக ஒரு சிறு வட்டம் தெரிந்தது. புதுக்கற்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது துளையாகத்தான் படும்.

அது துளையல்ல. பட்டை தீட்டியவர் வைரத்தின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாகத் தேய்த்து முடித்திருக்கிறார். கூர்முனை எளிதில் சிதறிவிடும் என்பது அக்காலத்துக் கைவினைஞரின் கவலை. அந்தத் தட்டையான இடத்தில் விழும் வெளிச்சம் நம் கண்ணுக்குத் திரும்பி வராமல் கீழே இறங்கிவிடுகிறது, அதனால் இருட்டாகத் தெரிகிறது. ‘கியூலெட்’ என்பது அதன் தொழிற்பெயர். பழைய முறையில் தீட்டிய கல் என்பதற்கு வெறுங்கண்ணுக்கே தெரியும் அடையாளம் அது.

ரத்தினங்களைப் பரிசோதித்து மதிப்பிடுவது என் தொழில். பழைய வைர மோதிரங்களோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். குறையல்லாத ஒன்றைக் குறையென்று எண்ணி வருந்துகிறார்கள். உண்மையான குறையையோ, மோதிரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்படிக் கைமாறி வரும் நகைகளை ‘எஸ்டேட் நகை’ என்று விற்கிறார்கள். அந்தப் பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. எஸ்டேட் நகை என்றதும் தமிழ்க் காதுக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலச் சட்ட வழக்கில் ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்து முழுவதற்கும் அந்தப் பெயர். நகை வியாபாரத்தில் அதன் பொருள் நீர்த்துப்போய், ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்த நகை என்ற அளவில் நிற்கிறது. போன வருடம் செய்த மோதிரத்தைக்கூட அப்படிச் சொல்லி விற்கலாம், அதில் பொய் இல்லை. ‘ஆன்டிக்’ என்றால் நூறு ஆண்டைத் தாண்டியது என்பது பொதுவான வழக்கம். ‘வின்டேஜ்’ இழுத்த இழுப்புக்கு வரும் சொல், ஒருவருக்கு 20 ஆண்டு என்றால் இன்னொருவருக்கு 50. ஆகவே எந்தக் காலத்து மோதிரம், அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். தெரிந்தவர் மோதிரத்தைத் திருப்பி அடையாளங்களைக் காட்டுவார். தெரியாதவர் ஒரு பாட்டியின் கதையைச் சொல்வார்.

இவற்றின்மேல் ஏன் இவ்வளவு ஈர்ப்பு? எனக்கும் அந்தப் பித்து உண்டு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை வைரத்துக்கு உருவம் கொடுத்தது கைதான். ஒரு வைரத்தை இன்னொரு வைரத்தோடு உரசி உரசி ஓரங்களை மழுக்குவார்கள். எடையை இழக்க மனம் வராது. எண்முகப் படிகத்தை அதன் போக்கிலேயே விட்டுத் தீட்டுவதால் மூலை மழுங்கிய சதுரமாகக் கல் அமையும். அதுதான் ‘ஓல்டு மைன் கட்’. 1870களில் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் இந்த உரசும் வேலைக்கு இயந்திரம் வந்த பிறகு நல்ல வட்டம் எளிதாயிற்று. அந்த வட்டக்கல் ‘ஓல்டு யூரோப்பியன் கட்’. இரண்டிலும் மேல்தளம் சிறியது, தலைப்பகுதி உயரம், அடிமுனை தட்டை. வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி, ஒளி கல்லுக்குள் எப்படித் திரும்புகிறது என்று கணக்கிட்டுச் சரிவுகளுக்கு அளவு சொன்னது 1919இல். இன்றைய வட்ட வைரம் அந்தக் கணக்கின் வழிவந்தது.

புதிய வெட்டு வெளிச்சத்தை ஊசி ஊசியாகச் சிதறடிக்கும். பழைய வெட்டில் பட்டைகள் அகலம். விரலை அசைத்தால் பெரிய பெரிய திட்டுகளாக நிறம் எழுந்து, நிதானமாக அணைந்து, வேறோர் இடத்தில் எழும். மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலத்தில் தீட்டியவை பல. கடையின் கூரைவிளக்குகளுக்குக் கீழே சோர்ந்து தெரியும் கல், ஒற்றைச் சுடருக்கு முன்னால் விழித்துக்கொள்ளும். என் மேசை இழுவறையில் எப்போதும் ஒரு மெழுகுவத்தி இருக்கும். பேசிப் புரியவைக்க முடியாததை அது காட்டிவிடும்.

அடுத்து, துணிச்சலான அளவு. 1925இல் பாரிஸில் நடந்த கண்காட்சியிலிருந்து பெயர்பெற்ற ‘ஆர்ட் டெக்கோ’ காலத்து மோதிரங்களில் பிளாட்டினத்தின் வலிமையை நம்பி மெல்லிய சட்டங்களுக்குள் கோணங்களாகக் கற்களை அடுக்கினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் பிளாட்டினம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் நகை மறுபடி தங்கத்துக்குத் திரும்பியது. புடைத்த முகப்பும் சிவந்த தங்கமுமாக அந்தக் காலத்து மோதிரங்கள் கையைவிட்டு எட்டிப் பார்க்கும். ‘காக்டெய்ல் மோதிரம்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இப்படிப் பெரிய முகப்புள்ளதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் விரும்பி அணிந்த 33.19 கேரட் வைரத்தைப் படங்களில் பார்த்தவர்களுக்கு இந்த அழகை விளக்க வேண்டாம். அது வேரா க்ரூப் என்ற பெண்மணியிடம் இருந்தது. அவர் இறந்தபின் ஏலத்துக்கு வந்தபோது, 1968இல், டெய்லரின் கணவர் ரிச்சர்ட் பர்ட்டன் வாங்கி டெய்லருக்குக் கொடுத்தார். டெய்லர் இறந்தபின் 2011இல் மறுபடி ஏலத்துக்கு வந்தது. எஸ்டேட் என்ற சொல்லுக்கு இரண்டு முறை தகுதி பெற்ற கல் அது!

இனி, யாரும் பார்க்காத பக்கம். மோதிரம் தேயும் பொருள். உள்ளங்கைப் பக்கம் இருக்கும் வளையம் கைப்பிடிகளிலும் பாத்திரங்களிலும் பல ஆண்டு உரசி உரசி மெலிந்துபோகும். என்னிடம் வரும் பழைய மோதிரங்களில் அந்த இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பது அபூர்வமல்ல. பெரிய முகப்புள்ள மோதிரத்துக்கு இது இரட்டைச் சங்கடம். தலை கனமாகவும் அடி மெலிவாகவும் இருந்தால் மோதிரம் விரலில் சுழலும், முகப்பு பக்கவாட்டில் சாய்ந்து எல்லாவற்றிலும் இடிபடும். கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் கால்களின் நுனியும் அதேபோல் தேயும். ஒரு கால் கல்லின் ஓரத்தோடு சமமாகிவிட்டால் கல் இன்னும் தங்கியிருப்பது அதிர்ஷ்டத்தால். பழைய கம்பளித் துணியில் மோதிரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் அந்தக் கால் எழும்பியிருக்கிறது.

வளையத்தின் உட்புறத்தில் சாம்பல் நிறத் திட்டு இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இருந்தால், முன்பு எவரோ அவசரத்துக்கு ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார் என்று பொருள். ஈயம் ஒட்டியிருக்கும் தங்கத்தைச் சூடேற்றினால் ஈயம் தங்கத்தை அரித்துக் குழியாக்கிவிடும். பொடிவைத்து ஊதத் தெரிந்த ஆசாரி முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நெருப்பை நெருங்குவார். வைரமும் நெருப்புக்கு அஞ்சாத பொருளல்ல. பூச்சுப் பாதுகாப்பு இல்லாமல் அதிகச் சூடு பட்டால் அதன் மேற்பரப்பு வெந்து பால்போல் மங்கும்.

உள்ளே பொறித்த எண்களைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. 750 என்றால் 18 கேரட் தங்கம், 585 என்றால் 14 கேரட். (கல்லுக்குக் கேரட் என்பது எடை, தங்கத்துக்கு அது தூய்மை.) அந்த எண் வளையத்தின் உலோகத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முகப்பு வேறொரு நகையிலிருந்து வந்திருக்கலாம், நடுக்கல் நேற்று மாற்றியதாக இருக்கலாம். 1920களின் மோதிரம் என்று ஒருவர் கொண்டுவந்ததில் கூர்மூலைச் சதுரமாகத் தீட்டும் ‘பிரின்சஸ் கட்’ கல் இருந்தது. அந்த வெட்டு புழக்கத்துக்கு வந்ததே 1980 வாக்கில். சட்டம் அசல்தான், கல் குடியேறியது. மாறாக, முத்திரையே இல்லை என்பதால் போலி என்று முடிவுகட்டவும் கூடாது. அளவு மாற்றும்போது வெட்டியெடுத்த துண்டோடு முத்திரையும் போயிருக்கக்கூடும்.

பழைய வெட்டாக இருப்பதாலேயே கல் பழையது என்ற உறுதியும் இப்போது இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களையும் பழைய பாணியில் தீட்டி விற்கிறார்கள். வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் கைக்கருவி அவற்றையும் வைரம் என்றே காட்டும், ஏனென்றால் அவையும் வைரம்தான். வைரம்போலவே தோன்றும் மொய்சனைட் என்ற வேறு கல்லிடமும் அந்தக் கருவி ஏமாந்துபோகும். பெரிய கல் என்றால் ஆய்வகச் சோதனை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் நடக்கிறது. ஆர்ட் டெக்கோ மோதிரங்களில் வைரத்தைச் சுற்றி அளவெடுத்து வெட்டிய நீலக்கற்கள் இருக்கும். அவை செயற்கை என்று தெரிந்ததும் மோதிரமே போலி என்று முகம் சுளிக்கிறார்கள். வெர்னே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் அறிவித்தார், நீலமும் சில ஆண்டுகளில் வந்தது. அக்காலப் பொற்கொல்லர்கள் அவற்றைத் தெரிந்தே பதித்தார்கள். உருப்பெருக்கியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வெர்னே முறைக் கல். மோதிரத்தின் வயதுக்கு அது பொருத்தமே, கல்லுக்கு இயற்கை நீலத்தின் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

கல்லைக் கழற்றாமல் சொல்லும் எடை மதிப்பீடுதான். வட்டக்கல்லுக்கு விட்டத்தை விட்டத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி, 0.0061ஆல் பெருக்குவோம். 8 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் என்றால் சுமார் 1.95 கேரட். ‘2 கேரட்’ என்று அடித்துச் சொல்கிறவரிடம் எடைபோட்டதா கணக்கிட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

வாங்கியபின் செய்யும் கொடுமைகளில் முதலிடம் மறுவெட்டுக்கு. ‘இன்றைய ஜொலிப்பு’ வேண்டுமென்று பழைய கல்லைத் தீட்டக் கொடுக்கிறார்கள். கோஹினூரை 1852இல் லண்டனில் மறுபடி வெட்டியபோது 186 கேரட் 105.6 ஆனது. விட்டெல்ஸ்பாக் என்ற நீல வைரம் நம் காலத்திலேயே 35.56 கேரட்டிலிருந்து 31.06க்கு இறங்கியது, அதை இன்றும் பலர் மன்னிக்கவில்லை. அடுத்தது சுத்தம் செய்தல். 18ஆம் நூற்றாண்டு மோதிரங்களில் கல்லுக்குப் பின்னால் பளபளக்கும் தகடு வைத்து மூடியிருப்பார்கள். அப்படியொன்றைச் சோப்பு நீரில் ஊறவைத்த ஒருவர் மறுநாள் கறுத்த கல்லோடு வந்தார். உள்ளே ஈரம் புகுந்து தகடு கெட்டுவிட்டது. பின்பக்கம் அடைத்த மோதிரம் தண்ணீரையே பார்க்கக் கூடாது. நகையைச் சுத்தம் செய்யும் அதிர்வலைக் கருவியில் மரகதம் பதித்ததையும் விரிசல் நிரப்பிய வைரத்தையும் போடக் கூடாது.

ஓட்டை என்று வந்த பெண்மணிக்கு மெழுகுவத்தியை ஏற்றிக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிமுனையைக் கூராக்க எவ்வளவு ஆகும் என்று கேட்க வந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். மோதிரத்தைக் கழற்றச் சொல்லி வளையத்தை அளந்தேன். 0.9 மில்லிமீட்டர், நடுக்கல்லின் ஆறு கால்களில் இரண்டு கல்லோடு சமம். பட்டறையில் வளையத்தின் கீழ்ப்பாதியை மாற்றி, இரண்டு கால்களுக்கும் நுனி கட்டி, மோதிரம் சுழலாமலிருக்க உட்புறம் இரண்டு சிறு உலோகக் குண்டுமணிகளும் வைத்துத் தந்தார்கள். கல்லை யாரும் தொடவில்லை.