நான்கு வாத்து, இரண்டு சென்ட் காய்கறித் தோட்டம்

வாத்து வாங்குவதற்கு முன், மனையில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். மேட்டுப் பக்கம் காய்கறிப் பாத்தி, அதற்குக் கீழே வாத்துக் கொட்டிலும் தொட்டியும், கடைசியில் வாழை. இந்த வரிசை மாறினால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் சரிவராது. கடலூர், புதுச்சேரி கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையில் எந்தத் தொட்டியும் நிரம்பி வழியும். தொட்டி மேட்டில் இருந்தால் அந்த எச்சத் தண்ணீர் கீரையில்தான் போய் நிற்கும்.

எத்தனை வாத்து வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. முட்டையிடும் காக்கி கேம்ப்பெல் வாத்து நாளுக்கு ஏறத்தாழ 140 கிராம் தீவனம் தின்னும். அதில் 16 சதவீதம் புரதம் என்றால் 22 கிராம். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்: 3.6 கிராம். முட்டையோடு 1.4 கிராம் போய்விடும், மீதி 2.2 கிராம் எச்சத்தில் வரும். நான்கு வாத்துக்கு ஆண்டுக்கு 3 கிலோவுக்கு மேல், ஏழு கிலோ யூரியாவில் இருக்கும் அளவு. கத்தரிக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 100 கிலோ. இரண்டு சென்டுக்கு, சுமார் 80 சதுர மீட்டருக்கு, 800 கிராம்தான் ஆகிறது. மூன்று போகம் வைத்தாலும் நான்கு வாத்து போதும். எட்டு, பத்து என்று சேர்த்தால் மிச்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். மணற்பாங்கான மண்ணில் அது வேகமாக நடக்கும்.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். பயிர் அதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளாது. பாக்டீரியாக்கள் முதலில் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. பிறகு நைட்ரோசோமோனாஸ் போன்றவை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பின்னிரண்டு வேலைக்கும் காற்று வேண்டும். தண்ணீர் கட்டிய பாத்தியில் காற்று கிடையாது. அங்கே வேறு வகை பாக்டீரியாக்கள் இருக்கிற நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். கார்த்திகையில் கத்தரி மஞ்சளடிக்க இதுவும் ஒரு காரணம். உரத்தைக் கூட்டிப் பயனில்லை. ஐப்பசிக்கு முன்பே பாத்தியை ஒரு அடி உயர்த்துங்கள்.

தொட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், ஒரு அடி ஆழம். 9 அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் 255 லிட்டர். வாத்து நீந்தியே ஆகவேண்டும் என்பதில்லை, ஆனால் தலையை முழுதாக முக்கிக் கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் கழுவ முடியவேண்டும். தொட்டியின் அடிமட்டம் வாழைக்குழியைவிட அரை அடி உயரத்தில் இருக்கட்டும். வடிகாலுக்கு 2 அங்குல பிவிசி குழாயும் பந்து வால்வும் (ball valve) போடுங்கள். முக்கால் அங்குலக் குழாயில் இறகும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்துவிட்டால் எட்டு வாழைக்கு, மரத்துக்கு 30 லிட்டர் கிடைக்கும். குறைவதற்குச் சமையலறைத் தண்ணீர் இருக்கிறது.

ஒரு வாழைக்கு ஆண்டுக்கு 110 கிராம் தழைச்சத்து என்றால் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், 330 கிராம் வேண்டும். அந்த விகிதத்தில் வாத்துத் தண்ணீர் தராது. விறகடுப்புச் சாம்பல் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் தண்ணீர் விட்ட அன்றே போடக்கூடாது. சாம்பலின் காரத்தன்மை அம்மோனியாவை வாயுவாக்கும், மூக்கில் ஏறும் நெடியே அதற்கு அடையாளம். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் கடலோரத் தெருக்களில் வாழைக்குப் பதில் தென்னை வையுங்கள்.

காய்கறிப் பாத்திக்குத் தொட்டித் தண்ணீர் போகவே வேண்டாம். வாத்து எச்சத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். மக்காத பச்சை எச்சத்தை எருவாகப் போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு அறுவடை வரை 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. முளைக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதை நினைத்தால் சிக்கல் புரியும். பாத்திக்கு உரியது ராத்திரிக் கொட்டிலில் சேரும் எச்சம். தரையில் வைக்கோலோ கடலைத் தோலோ நாலு அங்குலம் பரப்பி, ஈரமானதை வாரிக் குவியுங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று அடியாவது இருந்தால்தான் உள்ளே சூடேறும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றால் கிருமி சாகும். பிறகு ஓரத்தை உள்ளே தள்ளிக் கிளறிவிட்டு மறுபடி சூடேற்றுங்கள். சவுக்கு இலை கடலூர்ப் பக்கம் தாராளமாகக் கிடைத்தாலும் மக்க வெகுநாள் ஆகும், அதைப் பாத்திக்கு மூடாக்காகப் போடுவதே மேல்.

நத்தைக்கும் புழுவுக்கும் வாத்தைத் தோட்டத்தில் விடலாம், நாற்று வேரூன்றிய பிறகு, மண் காய்ந்திருக்கும் நாளில், சாயங்காலத் தீவனத்துக்கு முன் அரை மணி நேரம். கோழிபோல் கிளறாது என்பது உண்மை. ஆனால் ஈர மண்ணைத் தட்டைக் காலால் மிதித்து இறுக்கிவிடும். கீரை, பழுத்த தக்காளி இரண்டையும் விட்டுவைக்காது. அவற்றுக்குச் சவுக்குக் கழி நட்டு இரண்டடி வலை கட்டினாலே போதும். அறுவடை நெருங்கிய பாத்தியில் இறங்கவே விடாதீர்கள்.

சித்திரை வெயிலில் தொட்டியை வாரக்கணக்கில் மாற்றாமல் விட்டால், அடிச்சேற்றில் காற்றில்லாத இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சு சுரக்கும். கால் வலுவிழப்பதும் கழுத்து துவண்டு தொங்குவதும் அதன் அடையாளம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தீவனத்தில் கவனம் வேண்டியது கடலைப் புண்ணாக்கு. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளைக் கொன்ற அஃப்ளடாக்சின், பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கிலிருந்து வந்ததுதான். வாத்துக்குஞ்சு அந்த நஞ்சுக்கு இன்னும் எளிதில் பலியாகும். நம் கடலோர ஈரக்காற்றில் சாக்கில் இருக்கும் புண்ணாக்கு இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள், தரையில் வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கட்டியில் பச்சை, மஞ்சள் படர்ந்திருந்தால் சுரண்டிவிட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளே பரவிய நஞ்சு வேகவைத்தாலும் போகாது.