கராஜுக்குள் ஒரு மண்டபம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகனும் கூட்டாளிகளும் முதல் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். பாடுவதற்கு ஆளே கிடையாது. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மட்டும்தான். 'போஸ்ட் ராக்' என்ற இசை வகை என்கிறான். எல்லாமே எங்கள் வீட்டுக் கராஜில் பதிவானது. ஆனால் ஹெட்போனில் கேட்டால் பெரிய தேவாலயத்துக்குள் வாசிப்பது போல இருக்கிறது. அந்த இடம் எங்கிருந்து வந்தது?"

ஆல்பத்தை நானும் கேட்டேன். கிட்டார் கம்பியை மீட்டும் ஓசையே முதலில் காதில் விழுவதில்லை. ஒலி மெல்ல ஊறி, பெருகி, அப்புறம்தான் அது கிட்டார் என்றே தெரிகிறது. இதற்குக் காரணம் எளியது. ஒரு கருவியை நம் காது பெரும்பாலும் அதன் முதல் கணத்து ஓசையை வைத்தே அடையாளம் காண்கிறது. காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலை மூடி வைத்துக்கொண்டு கம்பியை மீட்டி, பிறகு மெதுவாகத் திறந்தால் அந்த முதல் கணம் மறைந்துவிடும். மிஞ்சுவது வயலின் போல ஒலிக்கும். சரி, அது கருவி. இனி இடத்துக்கு வருவோம்.

20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 6 மீட்டர் நீளக் கராஜில் ஒரு கோடியில் கை தட்டினால், எதிர்ச் சுவரில் பட்டு 35 மில்லிநொடியில் திரும்பிவிடும். அவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலியைக் காது பெரும்பாலும் தனியாகக் கேட்காது, மூல ஒலியோடு சேர்த்துவிடும். 50 மீட்டர் தள்ளி இருக்கும் சுவர் என்றால் கால் நொடிக்கும் மேல் ஆகும். அதன் பின்னால் கூரை, தூண், தரை என்று ஆயிரக்கணக்கான எதிரொலிகள் நெருங்கி வந்து ஒரே முழக்கமாகும். அந்த முழக்கம் அடங்க எடுக்கும் நேரத்தைத்தான் மூளை 'பெரிய இடம்' என்று படிக்கிறது. ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே இதற்கு அளவு. ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895இல் ஒரு விரிவுரை அறையில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டும் எடுத்தும் அளக்கத் தொடங்கியது இதைத்தான்.

இந்த ஆயிரக்கணக்கான எதிரொலிகளைச் சுவரே இல்லாமல் உண்டாக்க முடியுமா? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் மன்ஃபிரட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் கண்ட விடை எனக்கு அறிவியலிலேயே மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

ஒலியைக் கொஞ்சம் தாமதித்து, சற்றுக் குறைத்து, மறுபடி உள்ளேயே அனுப்புங்கள். அது சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஓர் எதிரொலி கிடைக்கும். ஆனால் இப்படி ஒரே ஒரு சுற்றுப்பாதை என்றால் எதிரொலிகள் சீரான இடைவெளியில் வந்து, உலோகத்தனமான ரீங்காரம் எழும். ஷ்ரோடர் வெவ்வேறு தாமதம் கொண்ட நான்கு சுற்றுப்பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாமதங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அழகு இருக்கிறது.

பள்ளியில் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) பாடத்தில் வரும் கணக்கு நினைவிருக்கும்: இரண்டு மணிகள், ஒன்று 6 நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றது 8 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து எப்போது அடிக்கும்? அதே கணக்குதான் இங்கும். நான்கு சுற்றுப்பாதைகளுக்கும் 30, 36, 40, 45 மில்லிநொடி என்று தாமதம் வைத்தால் மீ.சி.ம. 360. அதாவது முதல் நொடிக்குள்ளேயே நான்கும் இரண்டு முறை ஒன்றாக வந்து மோதும். அந்த இடிப்பைக் காது உடனே பிடித்துவிடும். இப்போது 29, 37, 41, 43 என்று பகா எண்களாக வையுங்கள். பெருக்கினால் 18,91,699 மில்லிநொடி. நான்கும் மறுபடி ஒன்றாகச் சேர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்! அதற்குள் முழக்கம் எப்போதோ அடங்கியிருக்கும். ஷ்ரோடரின் தாமதங்களும் கிட்டத்தட்ட இதே அளவுதான். எண்களுக்குள் பொதுக் காரணி இல்லாமல் இருந்தால் போதும். பகா எண்களை எடுத்தால் அது தானாகவே அமைந்துவிடுகிறது.

இந்த நான்கும் சேர்ந்து நொடிக்குச் சுமார் நூறு எதிரொலிகள் தரும். இயல்பாகக் கேட்க ஆயிரம் வேண்டும். அதனால் அடுத்து இரண்டு குட்டித் தாமதங்களை வரிசையாக வைத்தார். அவை எந்தச் சுருதியையும் கூட்டாமல் குறைக்காமல் எதிரொலிகளை மட்டும் பெருக்கிக்கொண்டே போகும்.

மண்டபத்தின் அளவு? ஒரே ஒரு எண்தான். 40 மில்லிநொடிச் சுற்றுப்பாதையில் ஒவ்வொரு முறையும் ஒலி அலையின் வீச்சு 0.8 மடங்காகக் குறைந்தால் முழக்கம் 1.2 நொடியில் அடங்கும். 0.98 என்று திருகினால் ஏறக்குறைய 14 நொடி நீளும். இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் சட்டென்று நின்ற பிறகும் கிட்டார் மிதந்துகொண்டே இருப்பது இப்படிப்பட்ட ஒரு திருகலால்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் சமூகக் கூடங்கள் பலவற்றில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்ட். மைக்கில் பேசுவது பாதி பேருக்குப் புரிவதில்லை. உடனே இன்னொரு ஸ்பீக்கர் வாங்குகிறார்கள், அல்லது வாஸ்து பார்த்து வாசலை மாற்றச் சொல்கிறார்கள். வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் முழக்கம் குறையாது. மீட்டர் கணக்கில், கூடத்தின் கன அளவை அதன் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் முழக்க நேரம் கிடைக்கும். சபைன் தந்த வழி இது. கனமான திரைச்சீலை போட்டால் உறிஞ்சல் கூடும், பேச்சு தெளியும். நம் நாட்டின் கரூ வறண்ட நிலத்தில் 64 ஆன்டெனாக்களோடு நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியை நினைத்து எனக்குப் பெருமைதான். அந்த ஆய்வுப் பணத்தில் ஒரு சிறு துளியாவது நம் பள்ளி வகுப்பறைகளின் ஒலியியலுக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஷ்ரோடரின் ஆய்வகத்தை நடத்தியது ஒரு தொலைபேசி நிறுவனம். இசைக்கு எதிரொலி செய்து பார்க்க அங்கே அவருக்கு இடம் இருந்தது.

வாசகியின் மகனுக்கு ஒரு யோசனை. இப்போது உண்மையான மண்டபத்தையே பதிவு செய்ய முடியும். 1910இல் திறந்த டர்பன் நகர மண்டபத்தில் அனுமதி வாங்கி, ஒரு பலூனை உடைத்து, அது அடங்கும் வரை பதிவு செய்துகொள்ளுங்கள். கணினி உங்கள் கிட்டார் ஒலியை நொடிக்கு 44,100 புள்ளிகளாக எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் அளவுக்கு ஏற்ப அந்தப் பலூன் பதிவின் ஒரு நகலைத் தொடங்கி, எல்லா நகல்களையும் கூட்டிவிடும். கராஜில் வாசித்தது அந்த மண்டபத்தில் வாசித்ததாகவே கேட்கும்.