குஞ்சின் கால் ஏன் அகன்று போகிறது?

எங்கள் ஆச்சி அடை வைக்கப் பனையோலைக் கடவப்பெட்டியைத்தான் எடுப்பாள். அடியில் ஆற்று மணல், மேலே வைக்கோல். 21 நாளில் பொரித்து வரும் குஞ்சுகள் அந்த வைக்கோலைப் பற்றிக்கொண்டே எழுந்து நிற்கும். போன மாதம் அம்பாசமுத்திரத்தில் என் தம்பி, இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து விட்டிருந்தான். மறுநாளே ஒரு குஞ்சு காலை இரண்டு பக்கமும் அகட்டி, வயிறு தரையில் படக் கிடந்தது. “அண்ணே, கால் முறிஞ்சிட்டு” என்றான் போனில். முறியவில்லை, வழுக்கியிருக்கிறது.

முட்டைக்குள் காலை மடக்கியே கிடந்த குஞ்சுக்குத் தொடையின் உள்பக்கத் தசைகள் இன்னும் வலுப்பெற்றிருக்காது. நாட்டுக்கோழிக் குஞ்சின் எடை 30 கிராம் அளவுதான். ஆனாலும் வழவழப்பான தாளில் அந்த எடையே பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். எழ முயலும் ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் விலகும். எலும்பின் முனைகள் இந்த வயதில் பெரும்பாலும் குருத்தெலும்பு. எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசைக்கேற்பவே அது வளரும். கோணலாக நின்றால் கோணலாகவே இறுகிவிடும்.

அந்த இளக்கம்தான் நமக்குக் கைகொடுப்பதும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் காலை நேராக நிறுத்திவிட்டால் எலும்பு நேராகவே வளரும். ஒரு வாரம் தாண்டினால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விடாதீர்கள்.

மருந்துக்கடை பிளாஸ்திரியை மெல்லிய பட்டையாக வெட்டி, இரண்டு காலையும் சேர்த்து ஒரு கட்டு. இடையில் 2 செ.மீ. இடைவெளி வேண்டும். பஞ்சுப் பகுதி தோலில் படட்டும். நூலால் கட்டவே கட்டாதீர்கள், அது அறுத்துப் பாதம் வீங்கிவிடும். தரையில் கோணிச்சாக்கு விரியுங்கள். குஞ்சு முதலில் முன்னால் குப்புற விழும், அப்புறம் தானே பழகும். தினம் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டினால், பெரும்பாலும் மூன்று நான்கு நாள் போதும்.

இப்படிப்பட்ட குஞ்சுகள் பெரும்பாலும் சாவது காலால் அல்ல, பட்டினியால். வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் தண்ணீரையும் தீனியையும் அலகுக்கு அருகில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மற்ற குஞ்சுகள் மிதிக்காமல் தனியாக வையுங்கள். முதல் வாரம் 35 டிகிரி சூடு தேவை, ஒரு பல்பு போதும்.

எல்லா நொண்டலும் இது அல்ல. கோழிக்குப் பின்பக்கம் மடங்குவதாகத் தெரிகிறதே, அது முட்டி இல்லை, கணுக்கால். அதன் பின்னால் ஒரு பள்ளத்தில் தசைநாண் ஓடுகிறது, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவது போல. கப்பியை விட்டுக் கயிறு விலகினால் கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கணு வீங்கும். தீவனத்தில் மாங்கனீசு குறைந்தால் இப்படி ஆகும் என்று 1930-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். குருத்தெலும்பு உருவாக அந்தச் சத்து வேண்டும். மக்காச்சோளத்தில் அது குறைவு, தவிட்டில் நிறைய உண்டு. வெறும் மக்காச்சோளக் குருணையை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டால் அது வேறு, ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 குறைவு.

எலும்பே முறிந்திருந்தால் நடுவில் வளைவு தெரியும். ஓரிரு நாளில் அந்த இடம் பச்சையாகும். பறவைகளுக்குக் கன்றிய ரத்தம் அப்படித்தான் நிறம் மாறும், சீழ் என்று பயப்பட வேண்டாம். இதை வீட்டில் இழுத்துப் பார்க்காமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள்.

தம்பியின் குஞ்சுக்கு நான்காம் நாள் கட்டை அவிழ்த்தோம். இரண்டு தப்படி வைத்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. செய்தித்தாளைத் திரும்ப விரிக்கப் போனவனிடம், இன்னும் ஒரு வாரம் சாக்கு அப்படியே கிடக்கட்டும் என்றேன்.